கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள்

"அறிவித்த சட்டம் என்ன ஆச்சு?" என்று எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து கேட்பார். "அரசின் பரிசீலனையில் உள்ளது" என்று சொல்லிவிட்டு அமைச்சர் உட்காருவார். சத்தம், கோஷம், வெளிநடப்பு. மறுநாள் பேப்பரில் "பேரவையில் காரசாரம்" என்று நாலு பத்தி வரும். கோப்பு மட்டும் இருந்த இடத்தை விட்டு அசைந்திருக்காது.

புதுச்சேரியில் இது அலுக்காமல் நடப்பதற்குக் காரணம், கேள்வி கேட்கும் விதம்தான். "எப்போது கொண்டுவருவீர்கள்?" என்ற கேள்விக்குத் தேதி சொல்லும் கடமை எந்த அமைச்சருக்கும் இல்லை. "விரைவில்" என்பதே முழுமையான பதில். "கோப்பு இன்று யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியில் அங்கே போனது?" என்று கேட்டால் தப்பிக்க வழி குறைவு. அதற்குச் சரியான பதில் ஒன்றுதான் இருக்க முடியும். தப்பாகச் சொன்னால் பின்னால் மாட்டிக்கொள்வார்.

இப்படிக் கேட்க வேண்டுமானால், ஒரு சட்டம் இங்கே எந்தெந்தக் கதவைத் தாண்டி வர வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டித் தமிழ்நாட்டின் கடலூர் பக்கம் போனால் கணக்கு எளிது. கோட்டையில் அமைச்சரவை முடிவெடுக்கும், மசோதா அவைக்கு வரும், நிறைவேறும், ஆளுநருக்குப் போகும். அங்கே சிக்கல் வந்தால் பெரும்பாலும் கடைசிப் படியில்தான் வரும். ஆளுநர் கிடப்பில் போட்ட 10 மசோதாக்கள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8 அன்று தீர்ப்புச் சொன்னது அப்படிப்பட்ட சண்டையில்தான். நம் ஊரில் சிக்கல் முதல் படியிலேயே தொடங்கிவிடும். மசோதா அவையின் வாசலை மிதிக்கும் முன்பே டெல்லிக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கலாம்.

நம் பேரவை அரசியல் சட்டத்திலிருந்து நேரடியாகப் பிறந்தது இல்லை. 239ஏ பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது. நாடாளுமன்றம் 1963ல் ஒன்றியப் பிரதேச அரசுகள் சட்டத்தை இயற்றியது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நமக்குப் பேரவை. மாநிலப் பட்டியல், பொதுப்பட்டியல் இரண்டிலும் சட்டம் இயற்றலாம். ஆனால் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயத்தில்கூட நாடாளுமன்றச் சட்டத்தோடு நம் சட்டம் மோதினால் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும், அது முந்தி வந்ததாக இருந்தாலும் சரி, பிந்தி வந்ததாக இருந்தாலும் சரி. நம்முடையது நிற்க வேண்டுமானால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். இதனால்தான், 1963ஆம் ஆண்டின் அலுவல் விதிகளின்படி சில வகைச் சட்ட வரைவுகளை அவையில் வைக்கும் முன்பே மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. வரி, செலவு சம்பந்தப்பட்ட மசோதாவுக்குத் துணைநிலை ஆளுநரின் பரிந்துரை வேண்டும். ஆண்டு பட்ஜெட்டுக்கே குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதல் வேண்டும். பல ஆண்டுகளில் மார்ச்சில் இடைக்காலச் செலவுக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு, ஜூலையிலோ ஆகஸ்டிலோ முழு பட்ஜெட் போட்டது இந்த வழியாகத்தான்.

ஆக, கோப்பு போகும் பாதை ஏறக்குறைய இப்படி: சம்பந்தப்பட்ட துறை வரைவு தயாரிக்கும், சட்டத்துறை சரிபார்க்கும், செலவு இருந்தால் நிதித்துறை, பிறகு தலைமைச் செயலர், அமைச்சர், முதலமைச்சர், அமைச்சரவை, பிறகு துணைநிலை ஆளுநர் மாளிகை, தேவைப்பட்டால் உள்துறை அமைச்சகம். உள்துறை அதைத் தன் கையில் வைத்துக்கொள்வதும் இல்லை. விஷயத்தைப் பொறுத்து சட்ட அமைச்சகத்துக்கும் மற்ற அமைச்சகங்களுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்கும். கருத்து வந்தால் அது "விளக்கம் தேவை" என்று புதுச்சேரிக்குத் திரும்பும். இங்கே அது பழையபடி சம்பந்தப்பட்ட துறையின் பிரிவு எழுத்தரிடம் வந்து இறங்கும். அங்கேதான் பல கோப்புகள் மாதக்கணக்கில் தூங்குகின்றன. கேட்டால் "டெல்லியில் இருக்கிறது" என்பார்கள்.

இந்தப் பாதையின் நீளம் எவ்வளவு என்பதற்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான மருத்துவ இடஒதுக்கீடு நல்ல அளவுகோல். 2020ல் தமிழ்நாடு 7.5 சதவீத மசோதாவைச் செப்டம்பரில் நிறைவேற்றியது, அக்டோபர் 30 அன்று ஆளுநர் ஒப்புதல் வந்தது, அந்த ஆண்டுக் கலந்தாய்விலேயே பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. அதே 2020ல் புதுச்சேரி அமைச்சரவையும் 10 சதவீதம் என்று முடிவெடுத்தது. கோப்பு டெல்லிக்குப் போனது. இங்கே அது நடைமுறைக்கு வந்தது 2023ல். நடுவில் ஆட்சியே மாறிவிட்டது.

இனி கேள்வி எழுதும் வேலைக்கு வருவோம். முதலில் வாக்குறுதி எங்கே, எந்த வார்த்தையில் சொல்லப்பட்டது என்று தேடி எடுக்க வேண்டும். துணைநிலை ஆளுநர் உரை, பட்ஜெட் உரை, மானியக் கோரிக்கைக்கு அமைச்சர் தந்த பதில், இந்த மூன்றும்தான் ஆதாரமாக நிற்கும். மேடையில் பேசியதையும் தேர்தல் அறிக்கையையும் வைத்துப் பேரவையில் கேட்டால் செல்லாது. கேள்வி அனுமதிக்கும் நிலையிலேயே அடிபடும். உரையில் "சட்டம் இயற்றப்படும்" என்று இருந்தால் பிடி பலமாக இருக்கும். "இயற்ற நடவடிக்கை எடுக்கப்படும்" என்றால் ஒரு கடிதம் போட்டாலே நடவடிக்கை எடுத்ததாகக் கணக்கு. "மத்திய அரசை வலியுறுத்துவோம்" என்றால் அதில் சட்டமே இல்லை, வலியுறுத்தல் மட்டும்தான் இருக்கிறது. மாநில அந்தஸ்து இந்தக் கடைசி வகை. பேரவை பத்துத் தடவைக்கு மேல் தீர்மானம் போட்டுவிட்டது. தீர்மானத்துக்குச் சட்ட பலம் கிடையாது, சட்டம் செய்ய வேண்டியது நாடாளுமன்றம். அதில் புதுச்சேரி அமைச்சரிடம் கேட்கத் தகுந்தவை மூன்றுதான்: தீர்மானம் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, என்ன பதில் வந்தது, பதில் வராவிட்டால் எத்தனை நினைவூட்டல் போனது.

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். புதுச்சேரியில் வாடகைக்கு இன்னும் 1969ஆம் ஆண்டுக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வரும் என்று பட்ஜெட் உரையில் ஓர் அமைச்சர் சொன்னதாக வைத்துக்கொள்வோம். வழக்கமாக வரும் கேள்வி இப்படி இருக்கும்:

"புதிய வாடகைச் சட்டம் எப்போது கொண்டுவரப்படும்? மக்களை ஏமாற்றும் இந்தப் போக்கை அரசு கைவிடுமா?"

இரண்டாவது வாக்கியத்தைச் செயலகம் வெட்டிவிடும். வாதம், அனுமானம், குற்றச்சாட்டு, கேலி எதுவும் கேள்வியில் இருக்கக்கூடாது என்பது மக்களவை விதி 41ல் இருக்கிறது. சட்டமன்றங்களின் விதிகளும் இதே வார்ப்புதான். முதல் வாக்கியத்துக்கு "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரும். போயிற்று ஒரு கேள்வி. அதே பொருளில் அந்தக் கூட்டத்தொடரில் மறுபடி கேட்டால் "ஏற்கெனவே பதில் சொல்லப்பட்டது" என்று திருப்பிவிடுவார்கள்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் பிரித்து எழுதுவார்கள்: "(அ) சட்ட வரைவு தயாரா? (ஆ) ஆம் எனில், எப்போது தாக்கல் செய்யப்படும்? (இ) மத்திய அரசின் ஒப்புதல் பெறப்பட்டதா?" பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அமைச்சர் (அ)வுக்கு "இல்லை" என்று சொன்னால், (ஆ)வுக்கும் (இ)க்கும் "இக்கேள்வி எழவில்லை" என்று அச்சில் வந்துவிடும். மூன்று கேள்வி கேட்டு ஒரு சொல்லோடு திரும்பி வருவது இப்படித்தான். "ஆம் எனில்" என்ற இரண்டு சொல்லை எழுதுவது, அமைச்சருக்கு நாமே கதவைத் திறந்துவிடுவது.

ஒவ்வொரு பிரிவும் தன் காலில் நிற்க வேண்டும்:

(அ) பட்ஜெட் உரையின் இன்ன பத்தியில் அறிவிக்கப்பட்ட வாடகைச் சட்டம் தொடர்பான கோப்பு இன்றைய தேதியில் எந்தத் துறையிடம் அல்லது அலுவலகத்திடம் உள்ளது;
(ஆ) அக்கோப்பு சட்டத்துறை, அமைச்சரவை, துணைநிலை ஆளுநர் செயலகம், உள்துறை அமைச்சகம் ஆகியவற்றுக்கு அனுப்பப்பட்ட தேதிகளும் திரும்பிய தேதிகளும் யாவை;
(இ) விளக்கம் கேட்டு எத்தனை முறை திருப்பி அனுப்பப்பட்டது; கடைசியாகக் கேட்கப்பட்ட விளக்கத்துக்குப் பதில் அனுப்பப்பட்ட தேதி எது;
(ஈ) பதில் அனுப்பப்படாததற்குப் பொறுப்பான துறை எது?

இதில் (அ)வுக்கு என்ன பதில் வந்தாலும் (ஆ) நிற்கும். கோப்பே தொடங்கவில்லை என்றால், அதையே அமைச்சர் தன் வாயால் சொல்ல வேண்டி வரும். எதிர்க்கட்சிக்கு அதைவிடப் பெரிய தலைப்புச் செய்தி கிடையாது.

எழுத்துப் பதில் போதும் என்றால் நட்சத்திரக் குறி இல்லாத கேள்வியாகக் கொடுப்பது நல்லது. தேதிகளின் பட்டியல் எழுத்தில்தான் ஒழுங்காக வரும். வாய்மொழியில் அமைச்சர் மூன்று தேதியை விழுங்கிவிட்டு நான்காவதைச் சொல்வார். எழுத்தில் பட்டியலை வாங்கிக்கொண்டு, அடுத்த கூட்டத்தொடரில் வாய்மொழிப் பதிலுக்கான நட்சத்திரக் கேள்வி போட்டால் துணைக்கேள்விக்குக் கையில் ஆயுதம் இருக்கும். மக்களவையில் கேள்வி கொடுத்தவருக்கு இரண்டு துணைக்கேள்வி என்பது மரபு. முதலாவதைத் தேதிக்குச் செலவழித்து, இரண்டாவதை ஒப்புதல் வாங்க வைத்துக்கொள்ள வேண்டும்: "இந்த நிதியாண்டுக்குள் விளக்கத்துக்குப் பதில் அனுப்பப்படுமா?" அமைச்சர் "நிச்சயமாக" என்று சொல்லிவிட்டால் அது அரசின் உறுதிமொழியாகிவிடும். துணைக்கேள்வியை நீட்டி முழக்கி உரை ஆக்கினால், பேரவைத் தலைவர் "கேள்வியைக் கேளுங்கள்" என்பார், நேரம் முடியும், அடுத்தவரைக் கூப்பிடுவார்.

வெளிநடப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமைச்சர் பதில் சொல்லத் தொடங்கும் முன் வெளியே போவதுபோல் அரசுக்கு வசதியானது வேறில்லை. பதிலைக் குறுக்கே நிறுத்திக் கேட்க ஆள் இல்லை. அவைக்குறிப்பில் அமைச்சர் சொன்னது மட்டும் பதிவாகும். அதே சூட்டில் இரண்டு மசோதாவும் குரல் வாக்கெடுப்பில் போய்விடும். 2021ல் தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரில் தி.மு.க. 6, காங்கிரஸ் 2 என்று எட்டுப் பேர்தான் எதிர்வரிசையில் இருந்தார்கள்; நியமன உறுப்பினர் மூவரையும் சேர்த்தால் அவை 33. இந்த எண்ணிக்கையில் ஓட்டெடுப்பால் எதையும் தடுக்க முடியாது. பதிவு செய்ய வைக்க மட்டும்தான் முடியும். பதிலைக் கேட்டு, பதிவான பிறகு வெளிநடப்புச் செய்தாலும் புகைப்படம் அதே அளவுதான் வரும்.

வெட்டுத் தீர்மானத்தை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மானியத்தில் 100 ரூபாய் குறைக்க வேண்டும் என்ற அடையாள வெட்டு, குறிப்பிட்ட ஒரு குறையைப் பேசுவதற்காகவே இருக்கிறது. ஆனால் இருக்கிற சட்டத்தைத் திருத்தச் சொல்வதோ நீக்கச் சொல்வதோ வெட்டுத் தீர்மானத்தில் கூடாது. "1969ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிப் புதிய சட்டம் கொண்டுவராததால்" என்று எழுதினால் நிராகரிப்பார்கள். "உள்துறை அமைச்சகம் கேட்ட விளக்கத்துக்குத் துறை பதில் அனுப்பாததால்" என்று எழுதினால் அது நிர்வாகக் குறை, நிற்கும். துணைநிலை ஆளுநர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தில் திருத்தம் கொடுப்பது இன்னொரு வழி: போன ஆண்டு உரையில் சொன்ன சட்டம் வரவில்லை என்பதைக் குறிப்பிடாததற்கு வருத்தம் தெரிவிக்கும் திருத்தம். தோற்கும். ஆனால் பழைய உரையின் வாசகம் புதிய அவைக்குறிப்பில் ஏறிவிடும்.

அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. நாடாளுமன்றத்திலேயே சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14தான், கடைசியாக ஆனது 1970ல். ஒரு பயன் மட்டும் உண்டு: வரைவை நாமே எழுதி வைத்துவிட்டால் "வரைவு தயாராகிறது" என்ற சாக்கு செல்லாது.

இந்த வேலையில் பலர் கைவைக்காத இடம் நாடாளுமன்றம். புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர். ஆனால் உள்துறை அமைச்சகத்திடம் புதுச்சேரிக் கோப்பைப் பற்றிக் கேட்கப் புதுச்சேரி எம்.பி.யாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. கடலூர் எம்.பி.யும் கேட்கலாம், காஷ்மீர் எம்.பி.யும் கேட்கலாம். 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும், 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, எழுத்துப் பதில் கேள்வி 230. மாநிலங்களவையில் 15, 160. கேள்விகளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் எழுத்துப் பதில் கிடைக்கும் வாய்ப்பே அதிகம், நமக்கும் அதுவே வேண்டும். "புதுச்சேரி அரசிடமிருந்து இன்ன வரைவு வந்ததா, எந்தத் தேதியில், இப்போது என்ன நிலை?" என்ற ஒற்றைக் கேள்வி போதும்.

இங்கே "டெல்லியில் இருக்கிறது" என்றும், டெல்லியில் "விளக்கம் கேட்டுப் புதுச்சேரிக்கு அனுப்பப்பட்டுவிட்டது" என்றும் பதில் வந்தால், இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும். அவையில் தவறான தகவல் தந்ததாகப் பேரவைத் தலைவருக்கு எழுதலாம்; அமைச்சர் திருத்தம் சொல்லியே ஆக வேண்டிய நெருக்கடி வரும். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்று டெல்லி சொன்னாலும் நஷ்டமில்லை. அந்த வாசகம் உறுதிமொழிக் கணக்கில் சேரும், மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். மக்களவை உறுதிமொழிக் குழு 1953லிருந்து செய்யும் வேலை இதுதான். "பரிசீலனையில் உள்ளது" என்பதும் அந்தக் குழுவின் பட்டியலில் இருக்கும் உறுதிமொழி வாசகம் என்பது பல உறுப்பினர்களுக்கே தெரியாது. நம் பேரவையிலும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு. பதில் வந்த நாளிலேயே அவைக்குறிப்பின் பக்க எண்ணோடு அந்தக் குழுவுக்கு ஒரு கடிதம் போட்டால், அமைச்சரிடம் கேட்டு ஓய்ந்த கேள்வியைத் துறைச் செயலரைக் கூப்பிட்டுக் கேட்கும் வழி பிறக்கும். செயலர் "பரிசீலனை" என்று சொல்லித் தப்ப முடியாது, கோப்போடு வந்திருப்பார்.

அவைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய அமைச்சகத்துக்கு 10 ரூபாய், 30 நாள். இங்கேயும் கேட்கும் விதம்தான் முக்கியம். அமைச்சரவைக் குறிப்பின் நகல் வேண்டும் என்று கேட்டால், முடிவெடுத்து விஷயம் முடியாதவரை 8(1)(i) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். கோப்பு எண், அனுப்பிய தேதி, பெற்ற தேதி, இப்போதைய அலுவலகம் என்று நகர்வை மட்டும் கேட்டால் மறுக்க அவ்வளவு எளிதில் காரணம் கிடைக்காது.

சரி, மசோதா வந்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கண் மூடக் கூடாது. அவசரத்தில் செய்த சட்டம் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரியே பாடம். 1965ல் நம் பேரவை விற்பனை வரிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. சொந்தமாக எழுதாமல், சென்னை மாநிலத்தின் 1959ஆம் ஆண்டு விற்பனை வரிச் சட்டமே புதுச்சேரிக்கும் பொருந்தும் என்று எழுதி, அமலுக்கு வரும் தேதியை அரசு பிறகு அறிவிக்கும் என்று விட்டுவிட்டது. 1966 ஏப்ரல் 1 முதல் அமல் என்று அறிவிப்பு வருவதற்குள் சென்னையில் மூலச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நம் உறுப்பினர்கள் பார்க்காத, ஓட்டுப் போடாத திருத்தமும் சேர்ந்தே இங்கே வந்து இறங்கியது. 1967ல் ஷாமா ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பேரவை தன் அதிகாரத்தை முழுசாக இன்னொரு அவையிடம் ஒப்படைத்துவிட்டது என்று சொல்லிச் சட்டத்தையே செல்லாததாக்கியது. இன்றைக்கும் "தமிழ்நாட்டுச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம்" என்று மசோதா வந்தால், எந்தத் தேதியில் இருந்த வடிவம் என்பதை உறுப்பினர்கள் தோண்டிக் கேட்க வேண்டும்.

நிறைவேறிய பிறகும் மூன்று தேதி பாக்கி: ஒப்புதல், அரசிதழ், அமல். அதோடு விதிகள். தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2017ஆம் ஆண்டுச் சட்டம். அமலுக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம், புதுச்சேரிப் பேரவையில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் திருத்தம். நாடாளுமன்றம் அதை 2023 டிசம்பரில் நிறைவேற்றியது. ஆனால் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே என்று அந்தச் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். "சட்டம் வந்துவிட்டது" என்று அரசு கணக்கு முடிக்கும்போது, கேள்வியை அமல் தேதிக்கும் விதிகளுக்கும் நகர்த்த வேண்டும்.

பேரவையின் ஆயுள் முடியும் நேரத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டத்தொடர் முடித்து வைக்கப்பட்டால் மசோதா சாகாது. பேரவை கலைந்தால், அவையில் நிலுவையில் இருப்பது காலாவதியாகும்; நிறைவேறி ஒப்புதலுக்குப் போனது காலாவதியாகாது. ஆகவே கடைசி ஆண்டில் தாக்கல் மட்டும் செய்து வைக்கப்பட்ட மசோதா எத்தனை என்று பட்டியல் எடுத்து, புதிய அவையின் முதல் கூட்டத்திலேயே ஒவ்வொன்றுக்கும் "அந்த வரைவுக் கோப்பு இன்று எந்தத் துறையிடம் உள்ளது?" என்று எழுத்துக் கேள்வி போட வேண்டும். நம் பேரவை ஆண்டில் கூடுவது சொற்ப நாள், சட்டம் கேட்பதோ ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்பது மட்டும். கூட்டம் அறிவித்த பிறகு கேள்வி எழுத உட்கார்ந்தால் முன்னறிவிப்பு நாள் தவறிவிடும்.